இருபத்தெட்டாம் நாளுக்கு முன்னால்

1928-ஆம் ஆண்டு பம்பாய்த் துறைமுகத்தில் வந்து இறங்கிய லூசி வில்ஸுக்கு வயது 40. கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்தவர். பிறகு லண்டனில் மருத்துவம் படித்து 1920-இல் மருத்துவரானார். தனியாகக் கிளினிக் வைத்து நோயாளி பார்க்காமல் ஆய்வுக்கூடத்தில் ரத்தத்தையும் சிறுநீரையும் ஆராய்வதையே வேலையாக எடுத்துக்கொண்டவர். இந்திய மருத்துவப் பணியில் இருந்த டாக்டர் மார்கரெட் பால்ஃபோர் அவரை அழைத்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. பம்பாயில் கர்ப்பிணிகள் கொத்துக் கொத்தாக ரத்தசோகையில் விழுந்துகொண்டிருந்தார்கள். துணி ஆலைகளில் வேலை செய்த பெண்களிடம் இது அதிகம். முகம் வெளிறும், கால் வீங்கும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். பலர் பிரசவத்தைத் தாண்டவில்லை.

அந்தப் பெண்களின் ரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் விசித்திரமான காட்சி தெரியும். சிவப்பணுக்கள் குறைவாக இருக்கும். ஆனால் இருக்கிற ஒவ்வொன்றும் அளவுக்கு மீறிப் பருத்திருக்கும். சாதாரணமாக இரும்புச்சத்து குறைந்தால் அணுக்கள் சிறுத்து வெளுக்கும். இது அதற்கு நேர்மாறு.

காரணம் தேடப் போனவர் முதலில் கிருமியைச் சந்தேகித்தார். கிருமி எதுவும் குற்றவாளியாகக் கிடைக்கவில்லை. அப்போதுதான் அந்தப் பெண்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார். ஏழை முஸ்லிம் பெண்களின் சாப்பாடுதான் மிக மோசமாக இருந்தது. நோயும் அவர்களிடமே மிகுதி. தீட்டிய வெள்ளை அரிசியும் வெள்ளை ரொட்டியும் வயிற்றை நிரப்பின. கீரை, காய், பால், இறைச்சி இவையெல்லாம் தட்டுக்கு வருவதே அபூர்வம். ஒரு ரத்தநோயின் வேரை அடுப்பங்கரையில் போய்த் தேடிய இந்த அணுகுமுறைக்காகவே அவரை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

அணு ஏன் பருக்கிறது என்பதை இன்றைய அறிவோடு பார்ப்போம். நம் எலும்பு மஜ்ஜை நொடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. ஒரு அணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால், அதற்குள் இருக்கும் டிஎன்ஏ முழுவதையும் முதலில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நகலெடுப்புக்குத் தேவையான எழுத்துகளில் ஒன்றைத் தயாரிக்க ஒரு வைட்டமின் வேண்டும். அது இல்லையென்றால் நகல் பாதியில் நிற்கும். அணு மட்டும் வளர்ந்துகொண்டே போகும். மாவு புளித்துப் பொங்கி நிற்கிறது, ஊற்றுவதற்கு இட்லித் தட்டு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்டா நிறைந்து வழியுமே தவிர, இட்லி வெந்து வராது. கர்ப்பிணியின் உடம்பிலோ இரட்டை வேலை. தன் ரத்தத்தையும் பெருக்க வேண்டும், உள்ளே ஒரு புது உடம்பின் ஒவ்வொரு அணுவையும் பெருக்க வேண்டும். பற்றாக்குறை முதலில் அவளிடம் வெளிப்பட்டதில் வியப்பே இல்லை.

வில்ஸுக்கு இந்த வைட்டமினின் பெயர்கூடத் தெரியாது. அப்படி ஒன்று இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது. 1929-இல் அவர் குன்னூருக்கு வந்தார். அங்கே பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்கரிசன் உணவு ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தார். பம்பாய்ப் பெண்கள் சாப்பிட்டதைப் போன்ற உணவை எலிகளுக்குக் கொடுத்தார் வில்ஸ். எலிகளுக்கும் ரத்தசோகை வந்தது. ஆனால் அந்த எலிகளின் பேன் மூலம் பரவிய ஒரு தொற்றும் அதில் சேர்ந்துகொண்டு முடிவைக் குழப்பியது. எலியை விட்டுக் குரங்குக்குப் போனார். சாகும் நிலையில் இருந்த ஒரு குரங்குக்கு மார்மைட் கொடுத்துப் பார்த்தபோது அது பிழைத்து எழுந்தது.

மார்மைட் என்பது கரிய, கெட்டியான, உப்புக் கரிக்கும் ஒரு பசை. பீர் காய்ச்சி முடித்தபின் தொட்டியில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுப்பது. இங்கிலாந்தில் ரொட்டியில் தடவித் தின்பார்கள். சாராயத் தொழிலின் கழிவு என்பதால் விலை குறைவு. 1931-இன் தொடக்கத்தில் வில்ஸ் சென்னை திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். இன்று கஸ்தூரிபா காந்தி பெயரில் இருக்கிற அதே அரசு மகப்பேறு மருத்துவமனைதான். பம்பாயில் ஆலைத் தொழிலாளிகளிடம் தொடங்கிய அந்த ஆராய்ச்சியில் நம் ஊர்க் கர்ப்பிணிகளின் படுக்கைகளுக்கும் பங்குண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மார்மைட் சாப்பிட்ட பெண்களுக்கு நான்காவது நாள் வாக்கில் பசி திரும்பியது என்று அவர் குறித்தார். அதற்குப் பிறகு ரத்தமும் தேறியது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது விலை. 1926-இல் அமெரிக்காவில் மைனோட்டும் மர்ஃபியும் வேறொரு ரத்தசோகைக்கு ஈரல் மருந்தாகும் என்று கண்டுபிடித்துப் பிறகு நோபல் பரிசும் பெற்றார்கள். அந்த வைத்தியத்துக்குத் தினமும் கால் கிலோவுக்குச் சற்றே குறைவாக ஈரல் சாப்பிட வேண்டும். ஆலைக்கூலிக்காரப் பெண்ணுக்கு அது எட்டுமா? வில்ஸ் தேடியது குணப்படுத்தும் பொருளை மட்டுமல்ல, அந்தப் பெண்ணால் வாங்க முடிகிற பொருளையும்தான். அவர் கண்டது பெரிய அளவில் பயன்படவும் செய்தது: 1934-35இல் இலங்கையை மலேரியா கொள்ளைநோய் உலுக்கியபோது, பட்டினியில் துவண்டவர்களுக்கு மார்மைட் கொடுக்கப்பட்டது.

மார்மைட்டுக்குள் ஒளிந்திருந்த பொருளுக்கு அப்போதைக்கு 'வில்ஸ் காரணி' என்று பெயர். 1941-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் மூவரும் நான்கு டன் பசலைக்கீரையை அரைத்து வடித்துச் சிறிதளவு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். லத்தீன் மொழியில் இலைக்கு 'ஃபோலியம்' என்று பெயர். அதிலிருந்து ஃபோலிக் அமிலம் என்ற பெயர் வந்தது. 1945-இல் அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்த லெடர்லி நிறுவனக் குழுவை வழிநடத்தியவர் எல்லாப்ரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இன்று ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கர்ப்பிணி வாங்கிப் போகும் மாத்திரை அட்டையில் இந்த மனிதர்கள் எல்லோரின் உழைப்பும் இருக்கிறது.

கதை இத்தோடு சுபமாக முடிந்திருக்க வேண்டும். காரணம் தெரிந்துவிட்டது, மருந்தும் மலிவு. இருந்தும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது. வில்ஸ் வந்து போய்த் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இரண்டில் ஒருத்தி! இன்று பெரும்பங்கு இரும்புச்சத்துக் குறைவால் வருவது. மரபணுக் கோளாறுகளும் தொற்றுகளும் சேர்ந்துகொள்கின்றன. ஆனால் அடியில் இருப்பது அதே வெள்ளைச் சோற்றுத் தட்டுதான்.

இந்த இடத்தில் காலத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். கரு தரித்தபின் மூன்றாவது வாரத்தில் சிசு என்று சொல்லக்கூடிய உருவமே இல்லை. ஒரு தட்டையான தகடு. அதன் முதுகுப் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. பள்ளத்தின் இரு கரைகளும் உயர்ந்து, வெற்றிலையைச் சுருட்டுவதுபோல ஒன்றையொன்று நோக்கி வளைந்து, நடுவில் ஒட்டத் தொடங்கி, ஜிப் மூடுவதுபோல் தலைப் பக்கமும் வால் பக்கமும் மூடிக்கொண்டே போகின்றன. இந்தக் குழாய்தான் பிற்பாடு மூளையும் தண்டுவடமும் ஆகும். ஏறக்குறைய 28-ஆம் நாளில் இது முழுவதும் மூடியிருக்க வேண்டும். எங்கேயாவது திறந்து நின்றுவிட்டால் குழந்தை முதுகில் பிளவோடு பிறக்கும், அல்லது மூளை உருவாகாமலே போகும். 1991-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏழு நாடுகளில் நடத்திய சோதனையின் முடிவை வெளியிட்டது. முன்பு இப்படிப்பட்ட குழந்தையைப் பெற்ற பெண்கள், மறுபடி கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டபோது, குறை திரும்ப வருவது 72 விழுக்காடு குறைந்தது.

இப்போது நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் தள்ளிப்போயிற்று என்று ஒரு பெண் உணரும்போதே கரு தரித்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று வீட்டில் சொல்வார்கள். செவிலியரிடம் போய்ப் பதிவு செய்யும்போது அந்தக் குழாய் மூடி முடிந்திருக்கும், அல்லது மூடாமல் நின்றிருக்கும். அடுத்து மசக்கை. அரிசி வேகிற வாசனையே குமட்டும் மாதங்களில் எந்தப் பெண்ணால் கீரையும் முட்டையும் உள்ளே இறக்க முடியும்? நம் வழக்கத்தில் பெண்ணை உட்கார வைத்துத் தாம்பாளம் தாம்பாளமாகக் கலவைச் சாதம் பரிமாறுவது ஏழாம் மாத வளைகாப்பில். அரசும் சமுதாய வளைகாப்பு நடத்தி ஏழைப் பெண்களுக்கு அந்தக் கௌரவத்தைக் கொடுக்கிறது. நல்ல காரியம், மனம் நிறைகிறது. ஆனால் உடம்பின் அஸ்திவாரம் போட்டு ஆறு மாதம் கழித்து வருகிற விருந்து அது.

அப்படியானால் மாத்திரை போதாதா என்று கேட்கலாம். கர்ப்பிணிக்குத் தினம் ஒரு மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும், 180 நாளைக்கு என்பது நம் நாட்டின் நியதி. மாத்திரை உயிர் காக்கிறது. அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் சாப்பிட்டால் மலம் கறுக்கிறது, கட்டிக்கொள்கிறது, வாய் கசக்கிறது என்று பாதி அட்டை அலமாரியில் தங்கிவிடுகிறது. தவிர, மாத்திரை இரண்டு சத்துகளைத்தான் கொடுக்கும். உணவு கொடுப்பது என்ன என்பதற்கான பதிலை மகாராஷ்டிரத்தின் கிராமங்கள் சொன்னன.

புனேக்கு அருகே ஆறு கிராமங்களில் 1993 முதல் 1996 வரை டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தார்கள். மெலிந்த, வயலில் பாடுபடுகிற பெண்கள். கர்ப்பத்துக்கு முன் சராசரி எடை சுமார் 42 கிலோ. பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோவைத் தொடவில்லை. தாய் எவ்வளவு கலோரி சாப்பிட்டாள், எவ்வளவு புரதம் சாப்பிட்டாள் என்ற கணக்குக்கும் குழந்தையின் எடைக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. கீரை, பழம், பால் இம்மூன்றையும் அடிக்கடி சாப்பிட்ட தாய்களுக்குக் குழந்தை பெரிதாகப் பிறந்திருந்தது. அதே ஆய்வு பின்னாளில் இன்னொரு எச்சரிக்கையையும் தந்தது. ஃபோலேட் மிகுந்து வைட்டமின் பி12 குறைந்திருந்த தாய்மார்களின் பிள்ளைகளிடம், ஆறு வயதில், இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாத போக்கு அதிகமாகக் காணப்பட்டது. பி12 கீரையில் கிடையாது. பால், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. ஒரு சத்தை மட்டும் தூக்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

புனே கிராமங்கள் சுட்டிக்காட்டியதைச் சோதித்துப் பார்க்க, மும்பையின் சேரிகளில் 2006-இல் ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. சுமார் 6,500 பெண்கள். யாரும் கர்ப்பிணி அல்ல; கர்ப்பமாக விரும்புகிறவர்கள். குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் கீரையும் பழமும் பாலும் சேர்த்துச் செய்த ஒரு சிற்றுண்டி. மற்றதற்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்ற சத்துக் குறைந்த காய்களில் செய்த சிற்றுண்டி. ஆராய்ச்சி என்றால் அளவுக்குவளையும் பொடியும் என்று நினைப்போம். இங்கே சமோசா மாதிரியான, தெருவில் பார்த்தாலே கை நீளுகிற பண்டங்கள். சமையலறையில் தயாராகிச் சேரிக்குள் இருந்த மையங்களுக்கு வரும். பெண் அங்கே வந்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எவ்வளவு சாப்பிட்டாள் என்று எதிரே ஒருவர் குறித்துக்கொள்வார். மருந்து என்ற எண்ணமே எழாது. சாயங்காலப் பலகாரம், பக்கத்து வீட்டுப் பெண்களோடு நாலு வார்த்தை.

முடிவு 2014-இல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் குழந்தையின் எடையில் உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. ஆனால் கருத்தரிப்பதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே சாப்பிடத் தொடங்கியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, குழந்தைகள் சராசரியாக 48 கிராம் கூடுதலாக இருந்தார்கள். பின்னர் வெளியான இன்னொரு பலன் இதைவிடப் பெரியது. கர்ப்ப கால நீரிழிவு, உருளைக்கிழங்குப் பிரிவில் 12.4 விழுக்காடு, கீரைப் பிரிவில் 7.3. குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்த தாய்மாருக்கு அந்த வித்தியாசத்தின் அருமை தெரியும்.

ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. எடையில் கிடைத்த பலன் எல்லோருக்கும் ஒன்றுபோல் கிடைக்கவில்லை. ஓரளவு உடம்பு இருந்த தாய்மார்களின் குழந்தைகள் 96 கிராம் வரை கூடுதலாகப் பிறந்தார்கள். மிக மெலிந்த தாய்களின் குழந்தைகளுக்கு எதுவும் கூடவில்லை. எலும்பும் தோலுமாக இருக்கும் உடம்பு, வந்த சிறு உபரியை முதலில் தன் ஓட்டைகளை அடைக்க எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம். வருடக்கணக்கான பசியை ஒரு சமோசா தீர்க்காது. யாருக்கு உதவி மிகவும் தேவையோ அவளுக்கு மூன்று மாதமும் போதாது. இன்னும் முன்னதாக, இன்னும் அதிகமாக, சோறும் பருப்பும் எண்ணெயும் சேர்த்துப் போக வேண்டும்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கிய மாநிலம் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 2018-இல் தொகை 18,000 ரூபாயானது; அதில் 4,000 ரூபாய் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வந்தது. பேரீச்சம்பழம், ஆவின் நெய், இரும்புச்சத்து டானிக், குடற்புழு மாத்திரை எல்லாம் அதில் இருக்கும். அங்கன்வாடியில் சத்துமாவு உண்டு. இதையெல்லாம் உருவாக்கியவர்களை மனமார வாழ்த்தலாம்.

ஆனால் அந்தப் பொட்டலத்தோடு கூடவே நடந்து அவள் வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். ஒரே அறை. மாமியார், கொழுந்தன், மூத்த பிள்ளை. மாவை உருண்டை பிடித்தால் முதல் உருண்டை பிள்ளையின் கைக்குப் போகும்; எந்தத் தாய் தடுப்பாள்? நெய் எல்லோர் தோசைக்கும். பேரீச்சம்பழ டப்பா விருந்தாளி வந்த அன்று திறக்கப்படும். அவளுக்குரியது குழம்புச் சட்டியின் அடியில் மிஞ்சியது, அதுவும் எல்லோரும் கை கழுவியபின். போதாததற்கு, "நிறையத் தின்னா பிள்ளை பெரிசாயிடும், பிரசவம் கஷ்டம்" என்று சொல்ல ஒருவர் எப்போதும் உண்டு. இவர்கள் யாரும் கொடியவர்கள் இல்லை. வீட்டுக்குள் நுழைந்த உணவு வீட்டுக்குப் பொதுவாகிவிடுகிறது. பற்றாக்குறை வீட்டில் பொது என்றால் கடைசி வாய் அவளுடையது. மும்பை ஆய்வு பெண்களை மையத்துக்கே வரவழைத்து ஊட்டியதன் பொருள் இங்கேதான் விளங்கும்.

இதை ஆய்வுக்கு வெளியே, அரசுத் திட்டமாகவே செய்து காட்டியவர்கள் உண்டு. தெலங்கானாவில் 2015 ஜனவரி முதல் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அங்கன்வாடியிலேயே மதியச் சாப்பாடு: சோறு, பருப்பு, காய், ஒரு முட்டை, 200 மில்லி பால். கர்நாடகம் 2017 அக்டோபரில் அதே வழியில் மாத்ருபூர்ணா திட்டத்தைத் தொடங்கியது. எல்லாப் பெண்களாலும் நடுப்பகலில் நடந்து வர முடியாது. கூலி வேலைக்குப் போகிறவள் வர மாட்டாள் என்பது உண்மைதான். அவளுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். ஆனால் வருகிறவளின் வாய்க்குள் அந்த முட்டை போகிறது என்பதில் சந்தேகம் இல்லை. பள்ளிப் பிள்ளைக்குச் சத்துணவை இலையில் பரிமாறி உலகுக்கே வழிகாட்டிய தமிழ்நாட்டுக்கு இது தெரியாத வித்தை அல்ல. பிள்ளைக்குப் போட்டதுபோலத் தாய்க்கும் இலை போட வேண்டும்.

மிச்சமிருப்பது காலம். இன்றைய விதிகளில் அங்கன்வாடி உணவு கர்ப்பிணிக்கு உண்டு, பாலூட்டும் தாய்க்கு உண்டு, ஆறு வயது வரை குழந்தைக்கு உண்டு. கல்யாணமாகி மூன்று மாதமான, இன்னும் உண்டாகாத இருபது வயதுப் பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. மும்பையில் பலன் தொடங்கியது அவளிடமிருந்துதான். அவளைக் கண்டுபிடிக்கப் புதிதாக எந்தக் கணக்கெடுப்பும் வேண்டாம். ஒவ்வொரு கிராமச் சுகாதாரச் செவிலியரிடமும் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டுக்காகப் பல பத்தாண்டுகளாக எழுதப்பட்டு வரும் ஏடு அது. ஊருக்கு வாழவந்த ஒவ்வொரு பெண்ணின் பெயரும் வயதும் அதில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறிய நாளிலிருந்து அவளுக்கும் அங்கன்வாடியில் ஒரு இலை போட அரசு உத்தரவிட வேண்டும்.